கோ ஜாகர்த்தி?

மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும் காலம் சரத் ருது. அப்பருவத்தில் வரும் ஆசுவின மாதப் பௌர்ணமிக்கு வடநாட்டில் இரு பெயர்கள் வழங்குகின்றன. சரத் பூர்ணிமா என்பது பருவத்தால் வந்த பெயர். கோஜாகரி என்பது ஒரு கேள்வியால் வந்த பெயர்.

அன்றிரவு திருமகள் உலகை வலம் வருகிறாள். வீடுதோறும் நின்று 'கோ ஜாகர்த்தி?' என்று வினவுகிறாள் என்பது மக்களின் நம்பிக்கை. 'யார் விழித்திருக்கிறார்?' என்பது அதன் பொருள். விழித்திருப்பவருக்கு அவள் செல்வத்தை அருள்கிறாள். உறங்குபவரின் வாசலைக் கடந்து சென்றுவிடுகிறாள்.

வங்காளத்தில் லட்சுமி பூஜை இந்தப் பௌர்ணமியன்றே நடைபெறுகிறது. அரிசிமாவைக் கரைத்து, வாசலிலிருந்து பூஜை அறை வரையிலும் நெற்குதிர் வரையிலும் அன்னையின் சிறிய திருவடிகளைக் கோலமாக வரைகிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்துக் காய்ச்சிய பாலை நிலவொளியில் வைத்துப் பருகுகிறார்கள். மிதிலையில் புதுமாப்பிள்ளைக்குப் பெண் வீட்டிலிருந்து மக்கானாப் பொரியும் வெற்றிலையும் சீராக வருகின்றன. ஒடிசாவில் இதே நாள் குமார பூர்ணிமா. கன்னிப்பெண்கள் நிலவை வணங்கி, ஆடிப் பாடுகிறார்கள்.

விரத விதியில் வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. இளநீர் அருந்தி, பகடையாடி இரவைக் கழிக்க வேண்டும் என்கிறது அது. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபத சோபானம் ஆடிக் கண்விழிக்கும் தமிழருக்கு இது புதிதன்று. ஆயினும் ஐயம் எழத்தான் செய்கிறது. தர்மபுத்திரரை நாடிழந்து காடேகச் செய்ததும் பகடைதானே? அதை உருட்டிக்கொண்டு விழித்திருப்பவனுக்கு அன்னை ஏன் அருள வேண்டும்?

விரதக் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. மகத நாட்டில் ஓர் ஏழை அந்தணர் இருந்தார். மனைவியின் கடுஞ்சொல்லைத் தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறிக் காட்டை அடைந்தார். அன்று ஆசுவினப் பௌர்ணமி. அங்கே லட்சுமி பூஜை செய்த நாககன்னியர், பகடையாட ஆள் தேவை என்று அவரை அழைத்தார்கள். தயங்கியவர், அது விரதத்தின் அங்கம் என்று கேட்டு உடன்பட்டார். ஆட்டத்தில் தோற்றார், கையிலிருந்த சிறிதையும் இழந்தார். அந்நேரத்தில் நாராயணனுடன் வந்த திருமகள், விழித்திருந்த அவரைக் கண்டு அருள்புரிந்தாள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தணர் ஆட்டத்தில் வெல்லவில்லை. செல்வம் பகடைக் காயிலிருந்து வரவில்லை. எல்லாம் இழந்த பிறகு அருளாக வந்தது. ஆட்டம் கண்ணைத் திறந்து வைக்க ஓர் உபாயம் மட்டுமே.

கண் திறந்திருப்பது மட்டும் போதுமா? கன்னமிடச் செல்லும் திருடனும் இரவில் உறங்குவதில்லை. பிறர் வாழ்வைக் கண்டு பொறாமையால் வெந்து புரள்பவனுக்கும் உறக்கம் வருவதில்லை. கைப்பேசித் திரையில் நள்ளிரவைத் தொலைப்பவனும் விழித்தே இருக்கிறான். மறுபுறம், பகலெல்லாம் வயலில் உழைத்த கூலியாள் அயர்ந்து உறங்குகிறான். திருடனுக்குக் கொடுத்துவிட்டு இவனைக் கடந்து செல்பவள் உலகிற்கெல்லாம் அன்னையாக இருக்க முடியுமா?

முடியாது. ஆகவே அவளது கேள்வி இமைகளை நோக்கியதன்று, உள்ளத்தை நோக்கியது. நேர்மையாக உழைத்து உறங்குபவன் தன் கடமையில் விழித்திருந்தவன். நோயுற்ற குழந்தையின் அருகில் அமர்ந்திருக்கும் தாயும், மருத்துவமனையில் இரவுப்பணி புரியும் செவிலியும் பிறருக்காக விழித்திருப்பவர்கள். தனக்காக மட்டும் விழித்திருப்பவனின் கண்கள் திறந்திருந்தும் அவன் மனம் உறங்குகிறது.

வங்காளத்தில் திருமகளுக்கு ஆந்தை வாகனமாயிற்று. இரவில் விழித்து, நெல்லைத் தின்னும் எலிகளை அழித்துக் குதிரைக் காப்பது அது. ஆனால் பகல் வெளிச்சம் அதற்கு உகந்ததன்று. பொருளைக் காப்பதில் மட்டும் கூர்மையாக இருந்து, ஞான ஒளி முன் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதனுக்கு அது ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது.

கீதையின் இரண்டாம் அத்தியாயமும், நிலைத்த அறிவினனைப் பற்றிக் கூறும் இடத்தில், இரவு, விழிப்பு என்னும் சொற்களின் வழக்கமான பொருளை மாற்றி அமைக்கிறது. உறங்கும் உயிர்களுக்குள்ளும் உறங்காத ஒன்று இருப்பதைக் கடோபநிஷதம் சுட்டுகிறது. உறங்கி எழுந்தவன் 'சுகமாக உறங்கினேன்' என்கிறான். அந்தச் சுகத்தை அறிந்தவர் யார்? அப்போதும் விழித்திருந்தவர் யார்?

திருமகள் 'விழித்திரு' என்று கட்டளையிடவில்லை. 'யார்?' என்று கேட்கிறாள். 'நான்' என்று பதில் சொல்ல வாய் திறக்கும்போதே, அந்த 'நான்' யார் என்ற விசாரம் தொடங்கிவிடுகிறது. அவ்விசாரத்தில் நிலைப்பவனுக்கு அவள் அருளும் செல்வம், திருடனால் கவரவும் பகடையால் இழக்கவும் முடியாதது.

பௌர்ணமி ஓர் இரவில் முடிந்துவிடும். கேள்வியோ ஒவ்வொரு நாளும் வாசலில் காத்து நிற்கிறது.