வயலுக்கு அடியில் இருப்பது யாருக்கு?

வயலின் பட்டா விவசாயியின் பெயரில் இருக்கிறது; அதற்கடியில் கிடக்கும் எண்ணெயை எடுக்கலாமா என்று முடிவு செய்வது அரசு. காவிரி டெல்டாவில், குடமுருட்டிப் பாசனத்தில் குறுவையும் சம்பாவும் விளையும் பாபநாசம் வட்டாரத்திலும் நிலைமை இதுதான். நைஜீரியாவின் நைஜர் டெல்டாவிலும் எண்ணெய் பற்றிய முடிவு அரசின் கையில்தான். சட்டம் கொடுத்த உரிமை அறத்துக்கும் போதுமா?

நைஜர் டெல்டாவின் ஒலோய்பிரியில் 1956-இல் எண்ணெய் கிடைத்தது. ஷெல் நிறுவனம் எடுத்தது, ராணுவ ஆட்சிகள் பணத்தை வாரிக்கொண்டன, ஓடைகளில் எண்ணெய் படிந்து மீன்பிடிப்பு அழிந்தது. தட்டிக்கேட்ட ஒகோனி இன எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று ராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. பத்தாண்டு கழித்து அந்த டெல்டாவின் இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தி, எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்தார்கள்.

இதை இனச்சண்டை என்று சொல்லிவிட்டு நகர்வது நேர்மையல்ல. இனப்பகை இருந்தது, ஆட்சியில் ஊழலும் இருந்தது. ஆனால் பீப்பாய்க்கு விலை கொடுக்க வெளியே ஆளில்லாமல் அந்தப் பகைக்கு இவ்வளவு ஆயுதம் வந்திருக்காது. நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாபநாசம் பங்க்கில் பெட்ரோல் போடுகிறவருக்கு அது எந்த ஊர் எண்ணெய் என்று தெரிய வழியில்லை. அவர் குற்றவாளி அல்லர். தெரிந்துகொண்டே வாங்கும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் அந்தச் சாக்கு கிடையாது.

காவிரி டெல்டாவில் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. இங்கே தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, விவசாயச் சங்கங்கள் இருக்கின்றன. 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டது. ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பிரச்சாரத்தின் நடுவே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015-இல் தமிழக அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது தடுக்கிறது. மக்கள் பேச்சுக்குக் காது கொடுத்த அரசியலால் வந்த பலன் இது. சரோ-விவாவுக்குக் கிடைக்காததும் இதுவே.

ஆனாலும் இதே டெல்டாவின் கதிராமங்கலத்தை மறக்க முடியாது. 2017 ஜூன் 30 அன்று அங்கே வயலில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தது. திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது, பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். கசிவைப் பற்றிப் பேச வந்தவர்களைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்ப்பதில்தான் எந்த டெல்டாவிலும் பகை முளைவிடுகிறது.

இழப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் அநீதி ஒன்று நீடிக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்ட நிலம் எடுத்தால் நிலக்காரருக்குக் குத்தகைப் பணம் வரும். அந்த வயலில் நாற்றுப் பறித்து நடவு நட்ட பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அவள் பெயரில் பட்டா கிடையாது, ஆகவே அவளை யாரும் கேட்கவும் இல்லை. எண்ணெய் நாட்டுக்கு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் அவளிடம் போய்ப் பேச வேண்டும். அவள் மறுத்தால் நின்றுவிடவும் வேண்டும். 2020 சட்டத்துக்கு முன்பே தோண்டிய கிணறுகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அந்தக் கிணறுகளைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சபையைக் கூட்டி, நிலமில்லாதவர்களையும் சமமாக உட்காரவைத்து அரசு முதலில் கேட்கட்டும்.