எல்லாவற்றையும் கேட்க முடியுமா?

பாலின் ஒலிவெரோஸ் (1932–2016) அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பிறந்த அக்கார்டியன் கலைஞர். மின்னணு இசையின் முன்னோடிகளில் ஒருவர். பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர்தான் என்றாலும், 1981இல் நிரந்தரப் பேராசிரியர் பதவியை உதறிவிட்டுத் தன் போக்கில் இசை செய்யப் போனார். அறுபது ஆண்டுக்கும் மேலாக அவர் செய்த சோதனைகள் பல வகைப்பட்டவை. ஆனால் அவற்றின் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: காதில் விழுவதில் எவ்வளவை மனிதர் உண்மையில் கேட்கிறார்?

அவருடைய தாயும் பாட்டியும் பியானோ ஆசிரியைகள். ஆனால் சிறுமி ஒலிவெரோஸை அதிகம் ஈர்த்தது வீட்டுக்கு வெளியே இருந்த தவளைகளும் பூச்சிகளும் எழுப்பிய இரைச்சல். ரேடியோவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே வரும் கரகரப்பும் சீழ்க்கையும் நிகழ்ச்சிகளைவிட அவருக்குப் பிடித்திருந்தன. குமிழைத் திருகி எல்லோரும் கடந்துபோகும் இடம் அது. அவர் அங்கேயே நின்றார்.

பத்து வயதை ஒட்டி அக்கார்டியன் கைக்கு வந்தது. நம் ஊர் ஹார்மோனியத்தைப் போலவே காற்று பட்டு அதிரும் உலோக நாக்குகளால் ஒலிக்கும் கருவி. அதில் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தமாக வாசித்தால், வாசிக்காத மூன்றாவது ஒன்றும் மெலிதாகக் கேட்கும். 440 ஹெர்ட்ஸும் 550 ஹெர்ட்ஸும் ஒலித்தால், அவற்றின் வித்தியாசமான 110 ஹெர்ட்ஸில் ஒரு தாழ்ந்த ஒலி எழும். உள்காதின் இயக்கமே அதை உண்டாக்குகிறது. இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்திருந்தார். ஒலிவெரோஸுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் அவருடைய அக்கார்டியன் ஆசிரியர். வாசிக்கும் இரண்டு ஸ்வரங்களை விட்டுவிட்டு அந்த மூன்றாவதை மட்டும் வைத்து இசை செய்ய முடியாதா என்ற ஆசை அவருக்கு அப்போதே பிறந்தது. அது நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1953இல் அவருடைய இருபத்தோராவது பிறந்தநாளுக்குத் தாய் ஒரு டேப் ரெக்கார்டரைப் பரிசளித்தார். அப்போது அவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். மைக்கை ஜன்னல் திண்டில் வைத்துத் தெருவைப் பதிவு செய்தார். பதிவு நடக்கும்போது அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு போட்டுக் கேட்டால், அவர் காதுக்குத் தப்பிய ஒலிகள் நாடாவில் இருந்தன. அன்றே தனக்கு ஒரு வேலை விதித்துக்கொண்டார்: எல்லாவற்றையும் எந்நேரமும் கேட்பது, கேட்காமல் இருப்பது தெரியவந்தால் மீண்டும் கேட்கத் தொடங்குவது.

அதே 1953இல் வெளியிட்ட ஆய்வில் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஹெட்ஃபோன் வழியே இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லவைத்தார். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று பங்கேற்றவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் பேச்சு இடையில் ஜெர்மனுக்கு மாறியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. ஆனால் ஆண்குரல் பெண்குரலாக மாறினால் தெரிந்தது. மைக்குக்கு விருப்பு வெறுப்பு இல்லை, கவனம் அப்படியல்ல. சந்தை இரைச்சலில் எதிரே நிற்பவரின் பேச்சு புரிவதே, மற்றதையெல்லாம் மனம் தள்ளிவிடுவதால்தான்.

அப்படியானால் ஒலிவெரோஸின் விதி நடக்காத காரியம். எல்லாவற்றையும் எந்நேரமும் யாராலும் கேட்க முடியாது. இது அவருக்கும் தெரிந்திருந்தது. விதியின் இரண்டாம் பாதி அதற்குச் சான்று. முதல் பாதியைச் சாதித்துக்காட்ட அவர் முயலவில்லை. கவனம் நழுவியதை நழுவிய சிறிது நேரத்திலேயே அறிவதுதான் பயிற்சி. ஓரிடத்தில் குவியும் கவனம், சூழலெங்கும் பரவும் கவனம் என்று பிற்காலத்தில் அவர் இரண்டாகப் பிரித்தார். முன்னது பள்ளியும் தொழிலும் வளர்ப்பது. பின்னதைச் சொல்லிக்கொடுப்பார் இல்லை என்பது அவருடைய குறை. அது நியாயமான குறைதான்.

சோதனைகள் கைக்கெட்டிய பொருள்களில் தொடங்கின. 1961இல் அவர் செய்த முதல் நாடா இசைப் படைப்புக்கு ஒலிக்கூடம் எதுவும் கிடையாது. ஒலிகளின் தன்மையை மாற்ற மைக்கை அட்டைக் குழாய்களுக்குள் வைத்தார். கார்வை வேண்டியபோது குளியல் தொட்டி உதவியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க நாடாவைக் கையாலேயே சுற்றினார். பின்னாளில் விலையுயர்ந்த கருவிகள் பலருக்கும் கிடைத்தன. ஆனால் ஒரு குளியலறை எப்படி ஒலிக்கிறது என்று இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குறும்படத்துக்கு இசை தேவைப்பட்டதால் டெரி ரைலி, லோரன் ரஷ் ஆகிய நண்பர்களுடன் ஒரு வானொலி நிலையத்தில் கூடி, முன்திட்டமில்லாமல் வாசித்துப் பதிவு செய்தார். முதலில் பேசி முடிவு செய்துவிட்டு வாசித்தால் இசை சொதப்பியது. வாசித்து, பதிவைக் கேட்டு, அதன் பிறகு பேசினால் நன்றாக வந்தது. கூட்டாக வேலை செய்யும் எவரும் எடுத்துவைத்துக்கொள்ளத்தக்க அனுபவம் இது.

1960களின் நடுவில் அவர் சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் இருந்தார். சிறுவயது ஆசை அங்கே கைகூடியது. ஒலி அலைகளை மின்னால் உருவாக்கும் ஆஸிலேட்டர்களை மனிதச் செவிக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே ஓடவிட்டு, அவற்றின் வித்தியாசமாகப் பிறக்கும் ஒலிகளைப் பெருக்கிக் காட்டினார். ஒரு ரெக்கார்டரில் பதிவாகும் நாடாவை அடுத்த ரெக்கார்டர் வரை நீட்டி, ஒலி சில வினாடி கழித்துத் திரும்பி வரச் செய்தார். ‘பை பை பட்டர்ஃபிளை’ (1965) இப்படி நேரடியாக வாசித்து உருவான எட்டு நிமிடப் படைப்பு. கையில் அகப்பட்ட இசைத்தட்டு ஒன்றை நடுவில் ஓடவிட்டார். அது புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’யாக அமைந்தது. வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் வேலை இல்லை. முன்பு செய்தது திரும்பி வந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டு அடுத்ததைச் செய்ய வேண்டும்.

பிறகு வந்தவை வியட்நாம் போர் ஆண்டுகள். 1970இல், அவர் கற்பித்த கலிஃபோர்னியா சான் டியேகோ வளாகத்திலேயே ஒரு மாணவர் போரை எதிர்த்துத் தீக்குளித்தார். ஒலிவெரோஸ் மேடையிலிருந்து விலகி, ஒற்றை ஸ்வரத்தை நெடுநேரம் பாடியும் வாசித்தும் வந்தார். அதிலிருந்து பிறந்தவை ‘சோனிக் மெடிடேஷன்ஸ்’ என்ற தொகுப்பின் பயிற்சிகள். அவற்றில் இசைக்குறியீடு இல்லை. சில வரிச் செய்முறை மட்டுமே. வட்டமாக அமர்ந்து மூச்சைக் கவனித்து அதில் குரலை மெல்லச் சேர்ப்பது ஒரு பயிற்சி. இசை தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இங்கே அடிபட்டுப் போனது. இது இசையே அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வாதத்தில் வெல்வதால் யாருக்கும் பெரிய லாபமில்லை.

1988 அக்டோபரில் அவர் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் வோர்டன் என்னும் பழைய ராணுவத் தளத்துக்குப் போனார். அங்கே 20 லட்சம் கேலன் கொள்ளும், வற்றிப்போன நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்று உண்டு. டிராம்போன் கலைஞர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும் பாடகர் பனையோட்டிஸும் உடன் இறங்கினார்கள். நல்ல கச்சேரி அரங்கில் ஒலி ஏறத்தாழ 2 வினாடியில் அடங்கிவிடும். இந்தத் தொட்டியில் 45 வினாடி ஆகும். அதற்குள் ஒலி சுவருக்குச் சுவர் மோதி 15 கிலோமீட்டர் தூரம் பயணம் செய்திருக்கும். தாம் இப்போது வாசிப்பது எது, சற்று முன் வாசித்தது எது, மற்றவர் வாசிப்பது எது என்று பிரித்தறிய முடியாது. தவறான ஸ்வரத்தை எழுப்பினால் முக்கால் நிமிடம் அதோடு வாழ்ந்தாக வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால் மூவரும் வாசித்ததைவிடக் கேட்டதே அதிகம். மறு ஆண்டு அந்தப் பதிவு ‘டீப் லிஸனிங்’ (ஆழ்ந்து கேட்டல்) என்ற பெயரில் வெளிவந்தது. அதே பெயரில் பட்டறைகளும் முகாம்களும் பிறகு ஒரு நிறுவனமும் வளர்ந்தன.

ஆழ்ந்து கேட்பது என்ற இந்தக் கொள்கையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். தன் விருப்பத்தில் தொட்டிக்குள் இறங்குபவருக்கு ஒலி ஒரு செல்வம். நாள் முழுவதும் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது தண்டனை. அவரை ‘ஆழ்ந்து கேளுங்கள்’ என்பது கேலி. கண்ணுக்கு இருக்கும் இமை காதுக்கு இல்லை. ஆகவே கேட்காமல் இருக்கும் திறமையும் பிழைப்புக்கு வேண்டும். ஆனால் பழக்கத்தால் காது மரத்துப்போவது வேறு, வேண்டாமென்று தெரிந்தே ஒதுக்குவது வேறு. ஒலிவெரோஸ் எதிர்த்தது முதலாவதைத்தான்.

தன் கடைசிப் பத்தாண்டில் அவர் கைகால்களை அதிகம் அசைக்க முடியாத குழந்தைகளுக்கான ஒரு மென்பொருளை உருவாக்கும் பணியை வழிநடத்தினார். கணினியின் கேமரா சிறு தலையசைவைக்கூடக் கண்டறிந்து அதை ஒலியாக்கும். குழந்தை தான் எழுப்பிய ஒலியைக் கேட்டு அடுத்த அசைவைச் செய்யும். AUMI என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மென்பொருள் இலவசமாகவே வழங்கப்படுகிறது.