யாருக்கான பச்சை

1941-ல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் உடனிருந்தவர்களும் ஊமத்தையின் இளங்கருவை விதையிலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். சர்க்கரை, உப்பு, வைட்டமின் எதற்கும் அது மசியவில்லை. தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் வளர்ந்தது. நாம் வெயிலுக்குக் குடிக்கும் அந்த நீர், தேங்காய்க் கண்ணுக்கடியில் உறங்கும் கருவுக்காக மரம் கட்டிவைத்த சோறு. நம்மூர் உழவர்கள் தேங்காய்ப்பாலையும் மோரையும் புளிக்கவைத்து, பூ உதிராதிருக்கத் தேமோர் கரைசல் என்று தெளிக்கிறார்கள்.

தேங்காய்த் தண்ணீரில் இருக்கும் பொருள்களில் ஒன்று சைட்டோகைனின். செல்லைப் பிரியத் தூண்டும் ஹார்மோன்.

அது கைக்கு அகப்பட்ட விதம் விசித்திரம். விஸ்கான்சினில் தாவர ஆய்வாளர் ஸ்கூக்கின் ஆய்வகத்தில், உடனிருந்த மில்லர் எடுத்த பழைய புட்டி ஒன்றில் ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ. இருந்தது. புகையிலைத் திசு அதற்கு வளர்ந்தது. புதிதாக வாங்கியதற்கு அசையவே இல்லை. புதியதையும் நீராவி அழுத்தத்தில் வேகவைத்த பிறகே பலித்தது. திசுவை வளர்த்த அந்தப் பொருளுக்கு 1955-ல் கைனடின் என்று பெயர் வைத்தார்கள். அது டி.என்.ஏ. சிதைந்து பிறந்த பொருள். செடி தானே செய்துகொள்ளும் சைட்டோகைனினான ஸியாட்டின், 1963-ல் முற்றாத மக்காச்சோள மணியிலிருந்து கிடைத்தது. ஆக்ஸின் என்ற இன்னொரு ஹார்மோன் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர்: திசு வாழைக்கன்று இன்றும் இந்தக் கணக்கில்தான் வளர்கிறது.

*

என்னை நிறுத்திவைப்பது இலையின் மூப்பு.

தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு முருங்கை ஈர்க்கும் கற்பூரவல்லியின் ஒற்றை இலையும் போட்டிருந்தேன். முருங்கை மஞ்சளாகி உதிர்ந்து, இலைகள் நீர்மேல் மிதந்தன. கற்பூரவல்லியோ காம்படியில் வெள்ளை நூலாக வேர் விட்டது. வேர் கண்ட பிறகு இலை தடித்தது, விளிம்பின் பல்வரிசைகூட விறைத்தது. சைட்டோகைனின் பெரும்பாலும் வேர் நுனியில் உருவாகி நீரோடு மேலேறுகிறது. வேரிலிருந்து சேதி வந்துகொண்டிருக்கும்வரைதான் இலைக்கு இளமை.

ஜெர்மனியின் ஹாலே நகரில் மோதெஸ் என்ற ஆய்வாளர், பறித்த புகையிலை இலையின் ஓரிடத்தில் மட்டும் கைனடின் தடவிப் பார்த்தார். அந்த இடம் பச்சையாகவே இருந்தது. இலையின் மற்றப் பகுதிகளிலிருந்து அமினோ அமிலங்கள் அங்கே வந்து குவிந்தன. அக்கம்பக்கத்துச் சொத்தை இழுத்துக்கொண்டுதான் அது இளமையாக இருந்தது.

1995-ல் கான், அமசினோ என்ற ஆய்வாளர்கள் புகையிலையில் ஒரு மரபணு ஏற்பாடு செய்தார்கள்: இலை பழுக்கத் தொடங்கினால் அங்கேயே சைட்டோகைனின் சுரக்கும், சுரந்ததும் பழுப்பு நிற்கும். அடி இலைவரை பச்சை, விதையும் கூடுதல். பின்னர் வந்த ஆய்வில் மறுபக்கம் தெரிந்தது. கிழ இலைகள் தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, நுனித் தளிர்களுக்குப் பங்கு குறைந்தது.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம். சிரிக்கட்டும். காவோலை தன்னிடமிருந்த தழைச்சத்தில் பெரும்பங்கைக் குருத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் விழுகிறது. நெல்லில் இந்தக் கொடுக்கல் தடைபடுவதும் உண்டு. கதிர் வந்த பிறகும் யூரியாவை அள்ளி வீசினால் வேர் சைட்டோகைனினை ஏற்றிக்கொண்டே இருக்கும். தாள் பச்சை கட்டி நிற்கும், அறுப்பு தள்ளிப்போகும்.

*

குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் பழுத்துவிழுந்த ஆப்பிள் இலையில் சில சமயம் ஒரு பச்சைத் திட்டு மட்டும் தங்கியிருக்கும். மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே சுரங்கம் வெட்டித் தின்னும் புழு அதற்குள் இருக்கும். மரம் கைவிட்ட இலையில் தனக்கு வேண்டிய அளவு நிலத்தை மட்டும் அது பச்சையாக வைத்துக்கொள்கிறது. அதுவும் தனியாக அல்ல. பிரான்சில் அந்தப் பூச்சிகளுக்கு மருந்து கொடுத்து, உடலுக்குள் குடியிருந்த வுல்பேக்கியா பாக்டீரியாவை நீக்கினார்கள். 2010-ல் முடிவு வெளியானது. பச்சைத் திட்டு தோன்றவில்லை. அந்தப் பாக்டீரியா சைட்டோகைனின் அளவை மாற்றித்தான் திட்டை உண்டாக்குகிறது என்று கருதினார்கள். புழுக்கள் முன்னைவிட அதிகம் தின்றன, அப்படியும் அதிகமாகவே மடிந்தன.