தண்ணளியின் விலை

அறம் பற்றிய வினாக்கள் அரசவையிலும் போர்க்களத்திலும் நீதிமன்றிலுமே எழுவன என்று எண்ணுவது எம்மிற் பலரது வழக்கம். அவை வீதியோரத்திலும் எழுகின்றன. ஆனால், அங்கு எழும்போது அவற்றை வினாக்கள் என்றே நாம் இனங்காண்பதில்லை. அத்தகைய ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றிற் கோப்பாயில், பருத்தித்துறை வீதியோரமாகக் கப் ரக வாகனமொன்று நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடிகள் முற்றாக மூடியிருந்தன, சாரதி இல்லை, ஆயினும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு நாய்கள் குளிரூட்டியின் காற்றிற் சுகமாகப் படுத்திருந்தன. பின்புறத்தே, புகைபோக்கிக்குச் சில அடி தூரத்தில், மரக்கறி விற்கும் மூதாட்டி ஒருவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியவாறு அமர்ந்திருந்தார். வாகனத்தின் நிழலை நாடி வந்த தெருநாயொன்று, அதன் அடியிலிருந்து வீசிய அனலைத் தாங்காது எழுந்து அப்பாற் சென்றது. முக்கால் மணி நேரத்தின் பின் உரிமையாளர் வந்தார். "தம்பி, புகை தாங்கேலாமல் கிடக்கு, உதை நிப்பாட்டிப்போட்டுப் போயிருக்கலாமே?" என்றார் மூதாட்டி. "நிப்பாட்டினால் இதுகள் செத்துப்போகும், ஆச்சி" என்று அவர் விடையிறுத்தார்.

இருவர் கூற்றும் உண்மையே. அதனாலேயே இது வினாவாகின்றது.

முதற்கண் உரிமையாளரின் கூற்றை நோக்குவோம். மனிதனுக்குப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைப்பதன் மூலமே அது பெரும்பாலும் தன் சூட்டைத் தணிக்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்தவிடத்து அவ்வழியும் பயன் குன்றும். கடனீரேரியை அண்டிய கோப்பாயின் காற்று அத்தகையது. நாயின் உடல்வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டுமாயின் அதன் உயிருக்கே ஆபத்து. வெயிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்திற் சராசரியாக 22 பாகை ஏறும் என்பதும், அவ்வேற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழும் என்பதும், கண்ணாடியைச் சிறிது திறந்துவிடுவதாற் பெரும் பயன் இல்லை என்பதும் 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின் முடிபுகள். ஆகவே அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சென்றிருந்தால் அது வதையாகவே முடிந்திருக்கும். எமது நாட்டில் மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இலேயே ஆக்கப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூதாட்டியின் கூற்றோ இதனின் வலிமை குன்றியதன்று. டீசற் புகை மனிதரிற் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. நியூயோர்க் நகரில் நிறுத்திய வாகனத்தின் இயந்திரத்தை மூன்று நிமிடத்துக்கு மேலும், பாடசாலை அருகில் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஓடவிடுவது குற்றமாகும். அதே அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில், வெப்பமேறும் வாகனத்தில் விலங்கை அடைத்துச் செல்வதும் குற்றமே. ஒரே செயலை இரு புறத்திலிருந்தும் அறம் தடுக்கின்றது.

இம்முரண்பாட்டின் வேர் யாது? குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகின்றது. உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே அதன் தொழில். அத்தள்ளலுக்கு வேண்டிய எரிபொருளின் வெப்பமும் புகையும் அதனோடு சேர்ந்து வெளியேறுகின்றன. ஆகவே உள்ளிருந்த இரு நாய்களின் குளிர்ச்சியும், வெளியே இருந்த மூதாட்டியினதும் தெருநாயினதும் வெம்மையும் ஒரே செயலின் இரு பக்கங்களாகும்.

தமிழிற் கருணைக்குத் தண்ணளி என்றும் ஒரு பெயருண்டு. அளித்தல் குளிர்ச்சியானது என்ற உணர்வு அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. எமது மரபு போற்றும் தண்ணளியாளரை எண்ணிப் பாருங்கள். மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். மயிலுக்குப் போர்வை வேண்டுமோ என்பது வேறு வினா. ஆனால், அப்போர்வை பேகனுடையது. முல்லைக்குத் தேரீந்த பாரி தன் தேரையே விட்டான். புறாவைக் காத்த சிபி தன் தசையையே அரிந்தான். இவர்கள் அனைவரிடத்தும் பொதுவாயமைந்தது, கருணையின் விலையைக் கருணையாளனே செலுத்தினான் என்பதாகும். பிறன் போர்வையைப் பறித்து மயிலுக்கு ஈந்திருந்தாற் பேகனை வள்ளல் என்று எவரும் பாடியிரார்.

எரிபொருளுக்கு அவர் தம் பணத்தைத்தானே செலுத்தினார் எனலாம். பணம் அவருடையதே, காற்று அவருடையதன்று. எரிபொருளும் முழுமையாகத் தனியொருவரின் பணத்தால் மாத்திரம் வருவதன்று என்பதை 2022 எமக்குக் கற்பித்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, கையிற் பணமிருந்தும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகத்து மாதம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பங்கீட்டின்படி, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் மாத்திரமே கிடைத்தது. குளிரூட்டியுடன் நின்றவாறே ஓடும் வாகனம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரை எரிக்கும். நான்கு மணி நேரக் குளிர்ச்சியும் ஓர் ஆசிரியரின் ஒரு வாரப் பயணமும் அன்று ஒரே அளவினவாயிருந்தன. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய குடாநாட்டு மக்களுக்கு இக்கணக்கு புதிதன்று.

அவ்வாறாயின் அவர் யாது செய்திருத்தல் வேண்டும்? வேறு வழியற்ற அக்கணத்தில் இயந்திரத்தை ஓடவிட்டதே சரி. உயிரிழப்பு மீளாதது; புகையோ, தீதெனினும், குறைக்கத்தக்கது. ஆயினும் சரியான செயலும் கடனை விட்டுச் செல்லக்கூடும். நாய்களை வீட்டில் விட்டு வந்திருக்கலாம். காலையிலேயே அலுவலை முடித்திருக்கலாம். ஆட்களில்லா இடத்தில் வாகனத்தை நிறுத்தியிருக்கலாம். இவை எதுவும் இயலாதிருந்ததாகவே கொண்டாலும், மூதாட்டியிடம் ஒரு சொற் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவரது பிழை நாய்களிடத்து அன்பு கொண்டமையன்று; அவ்வன்பு கண்ணாடியோடு நின்றுவிட்டமையே.

இப்பிழை அவருடையது மாத்திரமன்று. வண்டில்மாடுகள் இவ்வீதிகளில் நடந்த காலத்தில், களைத்த விலங்கின் தேவையை எம் முன்னோர் அறிந்திருந்தனர். நீர் அருந்தக் கேணியும், தினவு தீர ஆவுரோஞ்சிக்கல்லும், சுமையிறக்கச் சுமைதாங்கியும், தங்கி இளைப்பாற மடமும் வழிகளில் அமைத்தனர். இதே வீதி சென்றடையும் பருத்தித்துறையிற் தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. அவற்றை அமைத்தவர், தம் மாடு எது, அயலான் மாடு எது என்று பார்த்தாரல்லர். பெயரறியா விலங்குக்காகத் தம் பொருளைச் செலவிட்டனர். அந்நிழல் எவர்மீதும் வெம்மையைத் தள்ளவில்லை.

குடாநாட்டு வீதியோர மரங்கள் பல போரிலும் வீதி அகலிப்பிலும் வீழ்ந்தன. கேணிகள் பல தூர்ந்தன. பொதுநிழல் அழிந்த இடத்திலேயே தனிக்குளிர்ச்சி தேவையாகின்றது. தனிக்குளிர்ச்சி பெருகப் பெருக வெளியின் வெம்மையும் பெருகுகின்றது. வேம்பொன்று அவ்விடத்தில் நின்றிருப்பின், உரிமையாளர் நாய்களைக் கயிற்றிற் பிணைத்து அதன் கீழ் இருத்தியிருப்பார்; காவலுக்கு மூதாட்டி இருந்திருப்பார்; தெருநாயும் அருகே படுத்திருக்கும்.

எனவே, கருணை கொண்டோமா என்று மாத்திரம் எம்மை நாம் வினவுதல் போதாது. அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்றும் வினவுதல் வேண்டும்.