படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு கூலி?

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவும் அறையில் நிற்பவர்களில் பலர் அங்கேயே படிக்கும் மாணவர்கள். தட்டில் கிடக்கும் மிச்சத்தைத் தொட்டியில் தட்டிவிட்டு, வரிசையாக அடுக்கி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். மறுபக்கம் ஆவி பறக்க வருவதைச் சூடு தணியும் முன்பே எடுத்து அடுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போனால் மறுநாள் வகுப்புக்குரிய பாடம் காத்திருக்கும். இந்த வேலைக்கு எது நியாயமான கூலி என்று கேட்டால், ‘அவர்கள் மாணவர்கள்தானே’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு கட்ட அந்தப் பதில் போதும். கூலியைக் குறைக்க அது போதாது.

நேர வரம்பு தேவையானதுதான். எஃப்-1 விசாவில் வரும் வெளிநாட்டு மாணவர், வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. விடுமுறையில் மட்டும் முழுநேரம் செய்யலாம். அமெரிக்க மாணவர்களுக்கு உதவும் அரசின் வேலையுடன் படிப்புத் திட்டத்திலும் வகுப்பு நேரத்தில் வேலைக்கு இடமில்லை. இப்படி ஒரு வேலி இல்லாவிட்டால் பணமில்லாத பிள்ளை முதலில் தூக்கத்தை விற்கும், பிறகு படிப்பையே விற்கும். பசி உள்ளவரிடம் ‘உன் விருப்பம்’ என்று விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது.

கூலிக்கு வருவோம். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. டெக்சாஸ் போன்றவை உயர்த்தவில்லை. 20 மணி நேரம் முழுதாக உழைத்தாலும் அந்தக் கணக்கில் வாரத்துக்கு 145 டாலர்தான். இதிலும் ஒரு கழிவு உண்டு: தனிச் சான்றிதழ் பெற்ற கல்லூரிகள் முழுநேர மாணவருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 85 சதவீதம் கொடுத்தால் போதும் என்று சட்டமே இடம் தருகிறது. தட்டின் எண்ணிக்கையும் குறையவில்லை, கழுவும் நேரமும் குறையவில்லை. கழுவுகிறவர் படிக்கிறார் என்பதற்காகக் கூலி மட்டும் குறைகிறது.

வெளிநாட்டு மாணவரின் நிலை இன்னும் இறுக்கமானது. முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. அதாவது அவருக்கு வேலை தரக்கூடிய முதலாளி ஏறக்குறைய ஒரே ஒருவர், பல்கலைக்கழகம். ட்யூஷன், அதாவது கல்விக் கட்டணம், வாங்குவதும் அதுவே. கூலி பிடிக்காவிட்டால் வேறு கடை பார்க்க முடியாது, கூடுதல் நேரம் உழைத்து ஈடுகட்டவும் முடியாது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கி வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களில் யாராவது வெளியே கைக்காசுக்கு வேலைக்குப் போனால், கண்டுபிடிக்கப்பட்டவுடன் விசா போகும், படிப்பும் போகும். விதியை மீறியது தவறுதான். ஆனால் தண்டனை முழுவதும் அந்தப் பிள்ளைமேல் விழுகிறது, வாழ முடியாத கூலியை நிர்ணயித்தவர்மேல் ஒரு துளியும் விழுவதில்லை. பேரம் பேச வழியில்லாதவரிடம் வேலை வாங்குகிறவருக்குக் கடமை கூடத்தான் வேண்டும்.

பல்கலைக்கழகங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வளாக வேலை ஓர் உதவியாகத்தான் தொடங்கியது. வறுமை ஒழிப்புச் சட்டத்தின் பகுதியாக 1964-இல் அரசின் வேலையுடன் படிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்த அதிபர் லிண்டன் ஜான்சன், தாம் படித்த சான் மார்கோஸ் கல்லூரியில் துப்புரவு வேலையும் அலுவலக எடுபிடி வேலையும் செய்து படித்தவர். 1965-இல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட அந்த வளாகத்துக்கே போனார். அந்த வேலைகள் இல்லாவிட்டால் அவரைப் போன்ற எத்தனையோ பேர் படித்திருக்க முடியாது. கூலியை உயர்த்தினால் வேலைகளின் எண்ணிக்கை குறையும் என்ற பயமும் பொய்யில்லை. நூலக மேசையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் பாடம் படிக்கிறவரையும், பாத்திர அறையில் நிற்கிறவரையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது.

எது உதவி, எது உழைப்பு என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த மாணவர் நாளை வராவிட்டால், அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாக வேண்டுமா? ஆம் என்றால் அது உழைப்பு, அந்த ஆளுக்குரிய கூலி இவருக்கும் உரியது. அரசுத் திட்டத்தின் விதிகளே, வழக்கமான ஊழியரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் மாணவரை வைக்கக் கூடாது என்கின்றன. மலிவு ஆளாக மாணவர் பயன்பட்டால் அடி வாங்குவது அவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் குடும்பஸ்தரும்தான்.

குறைந்த கூலி எல்லா இடத்திலும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியில் மாணவர் அனைவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் உழைக்க வேண்டும். துடைப்பம் கட்டுவது, துணி நெய்வது, விருந்தினர் விடுதி வேலை என்று பலவகை. கையில் கிடைக்கும் பணம் பெரிதல்ல. ஆனால் யாரும் ட்யூஷன் கட்டுவதில்லை. அங்கே உழைப்பு எல்லோருக்கும் பொது, பிரதிபலனும் கண்ணுக்குத் தெரிகிறது. முழு ட்யூஷனையும் கறந்துகொண்டு, ஏழைப் பிள்ளையை மட்டும் பாத்திர அறைக்கு அனுப்பிவிட்டு, ‘நாங்கள் உதவுகிறோம்’ என்று சொல்லும் இடம் பெரியாவின் பெயரைத் துணைக்கு அழைக்கத் தகுதியற்றது.

மாணவர் வேலையை உழைப்பாகப் பார்ப்பது புதிய வாதமும் அல்ல. தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் உதவியாளர் முதலான மாணவர் ஊழியர்களும் தொழிலாளரே என்று அமெரிக்காவின் தேசிய தொழிலாளர் உறவு வாரியம் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்தது. டார்ட்மத் கல்லூரியின் உணவுக்கூட மாணவர்கள் 2022-இல் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்து, அடுத்த ஆண்டே மணிக்கு 21 டாலர் பெற்றார்கள். அதனால் அங்கே உணவுக்கூடம் மூடப்பட்டுவிடவில்லை.

பிள்ளையை அனுப்பவிருக்கும் பெற்றோர் ட்யூஷன் எவ்வளவு என்று கேட்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வளாக வேலைக்கு மணிக்கு எவ்வளவு, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு எவ்வளவு? இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்குப் பல்கலைக்கழகம் எழுத்தில் காரணம் சொல்லட்டும்.