விடை தராத ஆசான்

கூலி வாங்கிய ஆசான் ஒருவர், தனக்குத் தெரிந்த விடையை மாணவனுக்குச் சொல்லாமல் வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவன் என் பழைய மாணவன். சாதாரண தரம்வரை என்னிடம் கணிதம் படித்தவன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது இணையத்தளங்கள் உருவாக்கும் தொழிலை இணையம் வழியாகவே கற்கிறான். பாடங்களை அவனே வாசித்தும் காணொளியில் பார்த்தும் படித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு மணித்தியாலம் மட்டும், வேறொரு நாட்டில் இருக்கும் வழிகாட்டி ஒருவர் திரையில் தோன்றி, அவன் எழுதியதை அவனோடு மட்டும் இருந்து பார்ப்பார். அந்த மணித்தியாலங்களுக்கான கட்டணத்துக்காக அவனுடைய உம்மாவின் காப்பிரண்டும் அடகுக்குப் போயிருந்தன.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வந்தான். முகம் சரியில்லை.

"சேர், கடையொன்றுக்குச் செய்ற மாதிரி ஒரு பக்கம் செஞ்சன். சாமான்ட பேர் வாற இடத்திலயும் விலை வாற இடத்திலயும் 'அன்டிஃபைன்ட்' எண்டு மட்டும் வருது. அவருக்குப் பிழை எங்க எண்டு தெரியும். பார்த்த உடனேயே சிரிச்சார். ஆனா சொல்லல்ல. மூணு கேள்வி கேட்டார், மணித்தியாலம் முடிஞ்சி போச்சி. உம்மாட காப்பு அடகுல கிடக்கு. காசு வாங்கிட்டு அறிவ மறைக்கிறது ஹறாம் இல்லையா சேர்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். இக்கட்டுரை அந்த யோசனையின் பலன்.

முதலில் அவன் காசு கொடுத்து வாங்கியது என்ன என்று பார்க்க வேண்டும். அறிவை அல்ல. இந்தத் தொழிலின் அறிவு பூட்டிவைக்கப்பட்ட ஒன்றல்ல. டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகளாவிய வலையின் மென்பொருளை, அவர் பணியாற்றிய சேர்ன் நிறுவனம் 1993 ஏப்ரல் 30 இல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுக்கு விட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உலாவியிலேயே அதன் மூல எழுத்தைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தே தொழில் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. 2014 இல் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் முழுப் பாடத்திட்டத்தையும் இலவசமாகத் தருகிறது. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இத்துறைப் பாடங்களை இணையவழியில் இலவசமாகத் தந்திருக்கிறது. எல்லாம் திறந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் பிள்ளைகள் தனி வழிகாட்டியைத் தேடிப் போகிறார்கள் என்றால், திறந்து கிடக்கும் அறிவில் இல்லாத ஏதோவொன்று அங்கே இருக்கிறது.

அது என்ன என்பதை நாம் சிறுவயதிலேயே கண்டிருக்கிறோம். குர்ஆன் மத்ரஸாவில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஓதினாலும், பாடம் கொடுப்பது ஒவ்வொருவராகத்தான். லெப்பையின் முன் தனியே போய் இருக்க வேண்டும். நான் பிழையாக ஓதினால் என் லெப்பை திருத்திச் சொல்வதில்லை. அவருடைய விரல் நின்றுவிடும், அவ்வளவுதான். நான் வசனத்தின் தொடக்கத்துக்குப் போய், எங்கே வழுக்கினேன் என்று நானே தேட வேண்டும். இரண்டு, மூன்று முறை முயன்றும் வராவிட்டால் மட்டுமே அவர் வாயைத் திறப்பார். நாற்பது பேரின் சத்தத்துக்கு நடுவில் என்னுடைய பிழையை மட்டும் ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தார். தனிக் கற்பித்தலின் பொருளே அதுதான்.

1984 இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர், தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன், வழக்கமான வகுப்பிலிருந்த மாணவர்களில் 98 வீதமானோரைவிட மேலே நின்றதாக எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை. ஆனாலும் பயன் உண்டு என்பதை அவையும் மறுக்கவில்லை. ஆகவே அவன் வாங்கியது விடையை அல்ல. தன் பிழையின்மீது ஒருவர் செலுத்தும் கவனத்தை. அதற்குரியதை வழிகாட்டி கொடுத்தாரா என்பதே கேள்வி.

எனினும், இவ்வளவு சொல்லி அவனுடைய முறைப்பாட்டைத் தள்ளிவிட என் மனம் இடம் தரவில்லை. கேட்கப்பட்ட அறிவை மறைப்பவனுக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கும் நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வின் முதல் நூலான கல்வி பற்றிய பகுதியில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறார். கற்பித்தலுக்குக் கூலி தேடாதிருத்தல் அவற்றில் ஒன்று. சம்பளம் வாங்கும் நாமெல்லாம் அந்த இடத்தைத் தலைகுனிந்துதான் வாசிக்க வேண்டும். மாணவனுக்குரிய நல்லுபதேசத்தில் எதையும் மிச்சம் வைக்காதிருத்தல் இன்னொன்று. அதேவேளை, மாணவனின் விளக்கத்துக்கு எட்டும் அளவறிந்து கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். மறைக்கவும் கூடாது, அளவுக்கு மீறிக் கொடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஆசிரியன் எங்கே நிற்பது?

மறைத்தலிலும் பல வகை உண்டு. மாணவன் தன்னை விட்டுப் போய்விடக்கூடாது என்று நுட்பத்தைப் பதுக்கும் ஆசான்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். தனக்கே தெரியாததை 'நீயே கண்டுபிடி' என்ற சொல்லால் மூடிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க, நல்ல ஆசானின் மௌனமும் இவர்களுடைய மௌனமும் ஒன்றுபோலவே தெரியும். பணம் கட்டியவன் எதைக் கொண்டு பிரித்தறிவது?

வெள்ளி தோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூஸா (அலை) அவர்கள் ஹிழ்ர் (அலை) அவர்களிடம் கற்கப் போனதும் ஒருவருக்கொருவர் என்ற தனிக் கல்விதான். நானாக எடுத்துச் சொல்லும்வரை எதைப் பற்றியும் கேட்கக்கூடாது என்பதே அங்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அதில் ஒரு வாக்குறுதியும் அடங்கியிருக்கிறது: சொல்லும் நேரம் ஒன்று வரும் என்பது. மூஸா (அலை) அவர்களால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது முறை அவர்கள் வாய் திறந்தது, சுவரைச் செப்பனிட்டதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று. பிரிவு வந்துவிட்டது. ஆனாலும் விளக்காமல் பிரியவில்லை. மரக்கலம், சிறுவன், சுவர் என மூன்றின் காரணமும் ஒன்றும் விடாமல் சொல்லப்பட்ட பிறகே பிரிவு நிகழ்ந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவே: கற்பிப்பவனின் மௌனம் ஒரு கடன். அதைத் திருப்பிச் செலுத்தும் எண்ணம் உள்ளவன் வாய்மூடியிருக்கலாம். மாணவன் எங்கே நிற்கிறான் என்பதை அறிந்து, அவன் தானாகச் சென்று சேரக்கூடிய தூரத்தில் நின்று, சேராவிட்டால் கைகொடுப்பேன் என்ற உறுதியோடு விடையைப் பிடித்து வைத்திருந்தால் அது கற்பித்தல். அவன் நிற்குமிடத்தையே பாராமல் பிடித்து வைத்திருந்தால் அது மறைத்தல். வாங்கிய காசும் அமானிதத்துக்கு மாறு.

எழுதும்போதே இன்னொன்று என்னைச் சுட்டது. 'சேர் என்றால் விடை சொல்பவர்' என்று இவனுக்குக் கற்பித்தது யார்? நான்தான். பரீட்சைக்கு முன்னான மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களைக் கரும்பலகையில் செய்து காட்டி, இந்தக் கணக்கு வந்தால் இப்படி எழுது என்று மனனமாக்கிக் கொடுத்தேன். பெறுபேறுகள் நன்றாக வந்தன, பெற்றோர் மகிழ்ந்தார்கள், அதிபர் பாராட்டினார். பிழையோடு தனித்திருந்து பழகாத பிள்ளைகளை வெளியே அனுப்பினேன் என்பது, அவன் என் திண்ணையில் வந்து முறைப்பட்ட அன்றுதான் உறைத்தது. வழிகாட்டிமீது அவன் சுமத்திய குற்றத்தில் ஒரு பங்கு என்னுடையது.

இன்று விடை சொல்ல மனிதரும் தேவையில்லை. 2022 இன் இறுதியில் வெளிவந்த சட்ஜிபிடி முதலாக, பிழையை ஒட்டிவிட்டால் திருத்திய வரிகளை நொடியில் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைத் தீமை என்று நான் சொல்லமாட்டேன். காப்பை அடகு வைக்கவும் வழியில்லாத பிள்ளைக்கு அவை பெரிய உதவி. விடையைத் தராதே, கேள்வியாகக் கேள் என்று பணித்தால் அப்படியும் கேட்கும். ஆனால் அவசரத்தில் இருப்பவன் அப்படிப் பணிப்பதில்லை. விரல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டியதாகிவிடுகிறது. அந்தப் பொறுமை அவனிடம் ஏற்கெனவே இருந்தால் ஆசானே தேவைப்பட்டிருக்க மாட்டார்.

மூன்று நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது பிழையைக் கண்டுபிடித்திருந்தான். எனக்கும் விளக்கினான். சாமான்களின் விவரம் வேறோர் இடத்திலிருந்து வரவேண்டும். கேட்டவுடன் அது வந்துவிடாது. 'பிறகு தருவேன்' என்ற வாக்கு மட்டுமே கைக்கு வரும். இவனுடைய நிரலோ அந்த வாக்கையே பொருளென்று எண்ணி விலையைத் தேடியிருக்கிறது. காத்திரு என்று பொருள்படும் 'அவெய்ட்' என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தது. வழிகாட்டி கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்று, அந்த வரி ஓடும் நேரத்தில் உன் கையில் இருப்பது என்ன என்பதாம். "இனி இந்தப் பிழைய நான் விடமாட்டன் சேர்" என்றான். நான் கொடுத்த எந்தக் கணக்குக்கும் அவன் அப்படிச் சொன்னதில்லை.

ஆயினும் அந்த மூன்று நாளின் விலையை யார் எண்ணுவது? வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு வாரத் தாமதம் ஒன்றுமில்லை. அடகுக்கு வட்டி ஏறும் வீட்டில் அதுவும் கூலியோடு சேர்கிறது. மாணவனின் அளவறிந்து கொடு என்று இமாம் சொன்னதை, அறிவின் அளவோடு நிறுத்தாமல் அவன் வீட்டின் அளவுக்கும் நீட்டிப் பொருள்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கடல் கடந்திருக்கும் வழிகாட்டிக்கு அந்த வீடு தெரியாது. ஆகவே அவனிடம் ஹறாம், ஹலால் எதுவும் சொல்லவில்லை. "உண்ட நிலமைய அவருக்கு எழுது மகன். எத்தனை மாதம் கட்டமுடியும் எண்டதையும் மறைக்காம சொல்லு. மறைக்கக் கூடாதது அவருக்கு மட்டுமில்ல" என்றேன்.

எழுதினான். இப்போது வாரத்தின் நடுவில் அவன் சிக்கி நின்றால், அந்த வழிகாட்டி வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறாராம். விடையை அல்ல, எங்கே பார்க்க வேண்டும் என்பதை. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

காப்பு இன்னும் மீட்கப்படவில்லை. என் வகுப்பிலும் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. நாற்பது பேர், நாற்பது நிமிடம். ஆனால் ஒரு பிள்ளை பிழையாகச் செய்த கணக்கின்மேல் என் சிவப்புப் பேனா போகும்போது, கொஞ்சம் நிறுத்திக்கொள்ளப் பழகிவருகிறேன்.