எகிப்தில் கடைசி இரவு



இந்த மாதம் தியானத்துக்கு மத்தேயு 2:19 முதல் 23 வரை எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வாசியுங்கள். பெத்லகேமிலிருந்து எகிப்துக்கு ஓடிப்போன யோசேப்பு ஒரு இரவு சொப்பனம் காண்கிறான். தூதன் வந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப்போ என்கிறான். பரதேச வாசத்தில் அதுதான் அவர்களுக்குக் கடைசி இரவு.

ஒரு காரியத்தைக் கவனியுங்கள். போகும்போது 14ம் வசனத்தில் இராத்திரியிலேயே புறப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. திரும்பும்போது 21ம் வசனத்தில் இராத்திரி என்ற வார்த்தையே இல்லை. ஏரோது செத்துப்போனான், இனி ஒளிந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ஊர் எல்லைக்கு வந்தால் அர்கெலாயு சிங்காசனத்தில் இருக்கிறான் என்று கேள்விப்படுகிறான். இவன் அப்பனுக்கு இளைத்தவன் இல்லை. கி.மு. 4ல் ஆட்சிக்கு வந்தவுடனே பஸ்கா பண்டிகையில் ஏறக்குறைய 3000 பேரைக் கொன்றான் என்று யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கடைசியில் ரோம அரசாங்கமே கி.பி. 6ல் அவனை நாடு கடத்திவிட்டது. தேவன் 'போ' என்று சொல்லித்தான் யோசேப்பு வந்தான். ஆனாலும் அங்கே பயப்பட ஒரு காரியம் காத்திருந்தது!

2019ல் என் தாயாரை அழைத்துக்கொண்டு யோர்தான், இஸ்ரவேல், எகிப்து பிரயாணம் போகக் கர்த்தர் கிருபை செய்தார். கடைசி நாள் பழைய கெய்ரோவில் அபு செர்கா என்ற கோப்து ஆலயத்துக்குப் போனோம். அதன் அடியில் ஒரு நிலவறை உண்டு. அங்கேதான் குழந்தை இயேசுவோடு யோசேப்பும் மரியாளும் தங்கினார்கள் என்பது அந்தச் சபையாரின் பாரம்பரியம். எகிப்துக்கு அவர்கள் வந்ததை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1ல் அந்த ஜனங்கள் ஆசரிக்கிறார்கள். எந்த வீட்டில் தங்கினார்கள் என்று வேதம் சொல்லவில்லை, ஆகவே நான் அதைப் பிரசங்கிக்கிறதில்லை. (யோர்தான் தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். ஞாபகத்துக்குக் கொண்டுவரலாம், அதில் சுகமளிக்கும் வல்லமை இருக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.)

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கின ஒலிவ மரச் சிலுவைகளை அம்மா ஒவ்வொன்றாக எண்ணித் துணியில் சுற்றினாங்க. எண்ணி முடித்துவிட்டு, தலை நிமிராமலே, "ஐயா, மார்புல ஒரு கட்டி இருக்கு. ரெண்டு மாசமா இருக்கு. முன்னாடியே சொன்னா பயணத்தை நிறுத்திருவேன்னு சொல்லல" என்றாங்க.

எனக்கு வாய் வரவில்லை. அம்மாவே, "ஜெபம் பண்ணு" என்றாங்க. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் முழங்கால்படியிட்டோம். எழுந்தவுடனே ஊருக்குப் போன் போட்டு, டாக்டரைப் பார்க்கத் தம்பியை ஏற்பாடு பண்ணச் சொன்னேன்.

தேவ பிள்ளைகளே, இதை நான் எழுதுகிற காரணம் உண்டு. பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷன், அதற்குப்பின் ஆறு முறை கீமோ. அப்போது ஒரு விசுவாசி எனக்குப் போன் பண்ணி, "பாஸ்டர் வீட்டிலேயே விசுவாசம் இல்லையா?" என்று கேட்டார். ஏசாயா 38ஐ வாசிக்கச் சொன்னேன். எசேக்கியாவுக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்ததும் கர்த்தர்தான். அதே அதிகாரத்தில் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னதும் கர்த்தருடைய தீர்க்கதரிசிதான். ஏரோதின்மேல் வானத்திலிருந்து அக்கினியை அனுப்ப தேவனால் முடியாதா? முடியும். ஆனால் யோசேப்பை எழுப்பி நடக்க வைத்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலைவன வழியாய் நடக்க வைத்தார். அந்த நடை அவிசுவாசம் என்று யாராவது சொல்லுவோமா?

பயந்த யோசேப்பை தேவன் கடிந்துகொண்டதாகவும் எழுதவில்லை. இன்னொரு சொப்பனம் கொடுத்தார். கலிலேயாவுக்குத் திருப்பினார். முதல் சொப்பனத்திலேயே நாசரேத்து என்று சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோணும். சொல்லவில்லை. எல்லைவரைக்கும் வந்த பிறகுதான் அடுத்த வழி தெரிந்தது.

கீமோ நாட்களில் அம்மாவுக்கு முடியெல்லாம் கொட்டிப்போனது. முக்காடு போட்டிருந்ததால் ஆராதனையில் அநேகருக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கும் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின இரவு அவங்களுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம், காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறோம்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுதச் சொன்னதோடு ஒரு வேலையும் கொடுத்தாங்க. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் அவங்க உட்கார்ந்திருப்பாங்களாம். வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு எதையாவது மறைத்து வைத்திருக்கிற சகோதரிகள் வந்து பேசலாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமானால் கூடவே வருவாங்களாம்.